எந்தத் தோட்டம்?

ஆங்கில விக்கிப்பீடியாவுக்குள் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. பெயரே ‘டீஹவுஸ்’தான். 2012 பெப்ரவரியில் சோதனையாகத் திறந்தார்கள், இன்னும் மூடவில்லை. புதிதாகக் கணக்குத் தொடங்கிய எவரும் அங்கே போய் எந்த அசட்டுக் கேள்வியையும் கேட்கலாம். படத்தை எப்படி ஏற்றுவது? நேற்று எழுதியதை இன்று காணோமே, யார் தூக்கியது? பதில் சொல்லப் பழையவர்கள் சிலர் ‘ஹோஸ்ட்’ என்ற பெயரில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டவரை முதலில் வரவேற்க வேண்டும், பொறுமையாகப் பேச வேண்டும், உள்வட்டத்துக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்துகளை அள்ளி வீசக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலையைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இருக்கிற லிந்துலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கொழுந்து பறிக்கிற ஊர். உலகத்துக்கே தேயிலை அனுப்பிவிட்டு, தான் சாயத்தண்ணியைக் கருப்பட்டித் துண்டோடு குடித்த ஊர். அந்த ஊரின் இலையை வைத்துத்தான் உலகம் ஒருவரையொருவர் உபசரிக்கிறது. இணையத்தில் அந்நியரை அமர்த்த ஓர் இடம் தேவைப்பட்டபோதும் அமெரிக்காக்காரர்களுக்குத் தேநீர்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

கடை திறந்ததற்குக் காரணம் அன்பு மட்டுமில்லை, ஆள் குறைந்துபோனதும்தான். ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதம் ஐந்து தொகுப்புகளாவது செய்கிறவர்கள் 2007இல் 50,000க்கு மேல் இருந்தார்கள். 2013 வாக்கில் அது 31,000 அளவுக்கு இறங்கியிருந்தது. ஏன் என்று ஏரன் ஹாஃபேக்கரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘இப்போது வருகிறவர்கள் தரம் போதாது’ என்ற பழையவர்களின் முணுமுணுப்பு அதில் அடிபட்டுப் போனது. நல்லெண்ணத்தோடு வருகிறவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. மாறியது வாசற்காவல். விஷமிகளைப் பிடிக்கவென்று கட்டிய தானியங்கிக் கருவிகள், தெரியாமல் தவறு செய்த நல்லவர்களையும் ஒரே சொடுக்கில் வெளியே தள்ளின. எழுதிய சில நிமிடங்களில் எழுத்து மறையும். அதன் இடத்தில், எந்த மனிதரும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் ஒட்டிய எச்சரிக்கை ஒன்று நிற்கும். அதைப் பார்த்தவர் மறுபடி வருவாரா?

டீஹவுஸின் பலனையும் பிறகு அளந்து பார்த்தார்கள். புதியவர்களில் சிலருக்கு அழைப்பு அனுப்பி, சிலருக்கு அனுப்பாமல் விட்டு ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. அழைக்கப்பட்டவர்கள் கூடுதலாகத் தங்கியிருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு, அந்த அழைப்பை விநியோகித்ததும் ஒரு தானியங்கி நிரல்தான். அழைத்தது பொறி, ஆனால் அழைப்பை ஏற்று உள்ளே போனவருக்குப் பதில் சொன்னது மனிதர்.

நம்மவர்கள் இணையத்துக்கு வந்தபோது என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ‘திண்ணை’ என்று ஓர் இணைய இதழ். 2000களின் தொடக்கத்தில் யாகூ குழுக்களாக ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’. தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லாரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’. எழுதிப் பழகும் இடம் ‘மணல்தொட்டி’. உதவி கேட்கும் இடம் ‘ஒத்தாசைப் பக்கம்’. எவ்வளவு அழகான பெயர்கள்! வழிப்போக்கர் வந்து உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம் என்கிற தொனி ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

ஆனால் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்துவிட முடிந்ததா என்ன? ஆலமரத்தடி நிழல் தருகிற இடம் மட்டுமில்லை, பஞ்சாயத்து நடக்கிற இடமும்கூட. அங்கே சிலர் உட்கார்ந்திருப்பார்கள், சிலர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஆளைப் பார்த்துக் குவளையை மாற்றிய கதையும் நமக்குத் தெரியும். பெயர்ப் பலகை வரவேற்கும், உட்காரச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இணையக் குழுக்களின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

புதியவராக வருவது என்றால் என்ன என்று மலையகத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1823இல் கம்பளைக்கு அருகில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்ட காலத்திலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. ரயில் வருமுன், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்து சேர்ந்தவரை வரவேற்றது கடன். ஊரில் ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம், பயணச் செலவு, வழியில் தின்ற சோறு எல்லாம் அவர் பேரில் ஏறியிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு அது. 1921இல் அதைச் சட்டப்படி ஒழித்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது, தகரச் சீட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து புறப்படுகிறவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகர வில்லையைக் கொடுத்தார்கள். வழியில் எவரும் பெயர் கேட்க வேண்டியதில்லை. வில்லையைப் பார்த்தால் போதும், ஆளை எங்கே இறக்க வேண்டும், செலவை எவர் கணக்கில் எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும். நிர்வாகத்துக்கு மிக வசதியான ஏற்பாடு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

இதே மக்கள் வந்து நூறு ஆண்டு தாண்டிய பிறகும் ‘நேற்று வந்தவர்கள்’ என்றே வைக்கப்பட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. நீலகிரிக்கும் கூடலூருக்கும் போய் இறங்கியவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’. இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 2023இல் இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த வழியே மறுபடி நடந்தார்கள்.

இதெல்லாம் சேர்ந்துதானோ என்னவோ, ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் இருக்கிற கனம் வேறெங்கும் இல்லை. ‘பேர் பதிவு’ என்றால் நிரந்தரத் தொழிலாளியாகப் பதியப்படுவது. ‘பேர் போடுவது’ என்றால் ஒரு நாள் சம்பளம் எழுதுவது. சொன்ன கிலோ வராவிட்டால் ‘அரைப்பேர்’. காலையிலிருந்து மலையில் நின்றவர் மாலையில் பாதி ஆளாகிவிடுவார். இணையத்தில் கணக்குத் தொடங்கிய ஒவ்வொருவரும் பேர் பதிந்தவர்தான். ஆனால் முதல் மாதம் முழுக்க அவர்களுக்கு விழுவது அரைப்பேர்.

நல்ல வரவேற்பு எப்படி இருக்கும் என்பதையும் மலை காட்டியிருக்கிறது. அதைச் செய்தது நிர்வாகம் இல்லை, பக்கத்து நிரையில் நின்ற பொம்பளை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளையைத் தனியாக மலைக்கு அனுப்ப மாட்டார்கள். அம்மாவோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ கூட நிற்பார்கள். படங்கை எப்படிச் சுற்றுவது, மட்டக்கம்பை எப்படி வைப்பது, ரெண்டு இலை ஒரு மொட்டு என்றால் கை எங்கே ஒடிக்க வேண்டும் என்று கையாலேயே காட்டுவார்கள். வாயால் சொல்வது குறைவு. பிள்ளை பின்தங்கினால் பழைய கை தன் நிரையை முடித்துவிட்டு இந்த நிரைக்குள் நுழையும். முற்றிய இலை கூடையில் விழுந்தால் கணக்கப்பிள்ளை பார்க்குமுன் பொறுக்கி எறிந்துவிடும். திட்டும் விழும், இல்லையென்று சொல்ல முடியாது. திட்டுவது கூட நிற்கிறவர் என்பதால் பிள்ளை மறுநாளும் வரும்.

இப்போது ஒரு பேச்சுக்கு, லிந்துலையில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கையில் ஒரு ஃபோன், மழை விட்டால் சிக்னல். மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன் கூத்து பார்த்து வளர்ந்தவள். அதைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடுகிறாள், தன் தோட்டத்தில் நடக்கிற மாதிரி இல்லையே என்று நினைக்கிறாள், ‘தொகு’ என்பதை அழுத்துகிறாள். தாத்தா சொன்னதை நான்கு வரி சேர்க்கிறாள். பத்து நிமிடத்தில் ‘சான்று இல்லை’ என்று நீக்கப்படுகிறது.

நீக்கியவர் கெட்டவரில்லை. கலைக்களஞ்சியத்துக்குச் சான்று வேண்டும், அது நியாயம். ஆனால் மலையகத்தின் பாதி வரலாறு எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் லயத்து வாசலிலும் கோயில் முற்றத்திலும் கிடக்கிறது. அந்த விதி கொழும்பைப் பற்றி எழுதுகிறவருக்கு ஒரு படி என்றால் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவளுக்கு ஒரு மலை. எழுத்துப் பிரச்சினை வேறு. ரொறன்ரோவா டொராண்டோவா, பாராளுமன்றமா நாடாளுமன்றமா என்று இலங்கைத் தமிழுக்கும் இந்தியத் தமிழுக்கும் இருக்கிற வழக்கமான இழுபறி போதாதென்று, இவள் எழுதுகிற ‘பெரட்டு’ம் ‘தலவர்’ என்பதும் இரண்டு கரைக்காரருக்கும் எழுத்துப் பிழையாகத் தெரியும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்பதைத் தவிர அவளுக்கு வேறு சொல் கிடையாது. அதைத் ‘திருத்தி’ விட்டால் திருந்துவது கட்டுரையா, அவளா?

இந்த இடத்தில் பழையவர் ஒருவர் இரண்டு நிமிடம் செலவழித்தால் கதை வேறாகும். நீக்கியதோடு நிற்காமல் அவளுடைய பேச்சுப் பக்கத்துக்குப் போய், “நீங்கள் சேர்த்தது நல்ல தகவல், இதற்கு ஒரு நூல் சான்று தேடிப் பார்ப்போமா?” என்று எழுதலாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் மலையகத்துக்கென்றே தனி வலைவாசல் இருக்கிறது, பழைய இதழ்களும் மலர்களும் வருடி ஏற்றியிருக்கிறார்கள், அங்கே பாருங்கள் என்று சுட்டி தரலாம். கிடைத்தால் தானே அந்த நான்கு வரியைச் சான்றோடு மறுபடி சேர்த்து, “இப்படித்தான் போட வேண்டும், அடுத்ததை நீங்கள் போடுங்கள்” என்று விடலாம். பக்கத்து நிரைக்காரி செய்தது அதைத்தானே.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கே இப்படி ஒரு தனிமைக் காலம் இருந்தது. அது தொடங்கியது 2003 செப்டம்பரில். முதல் மாதங்களில் அங்கே வரவேற்கவும் ஆள் இல்லை, வரவேற்கப்படவும் ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், அப்போது அபுதாபியில் வேலை பார்த்தவர், இடைமுகத்தைத் தமிழாக்கி, நெடுங்காலம் ஏறக்குறையத் தனியாளாகக் கட்டுரைகளை எழுதினார். பின்னால் அவர் எழுதியவை நாலாயிரத்தைத் தாண்டின. 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. ஆள் வரத் தொடங்கியதும் ஒரு நல்ல பழக்கம் ஏற்பட்டது. புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவரின் பேச்சுப் பக்கத்தில் ‘வாருங்கள்’ என்று பெயர் சொல்லி அழைத்து, எங்கே பழகலாம், எங்கே கேட்கலாம் என்று ஒரு குறிப்பை இட்டார்கள். கையால் இட்ட காலத்தில் அதன் கீழே இட்டவரின் கையொப்பம் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு மனிதரிடம் போய்ச் சேரலாம். அழைப்பை விட அந்தக் கையொப்பத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பல மாவட்டங்களில் பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. கொத்துக்கொத்தாகப் புதியவர்கள். பயனர் பெயருக்கு முன்னால் ‘டிஎன்எஸ்இ’ என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு வந்ததால் பார்த்ததும் தெரியும், இவர் பட்டறைக்காரர் என்று. வெட்டி ஒட்டியவையும் அரைகுறைக் கட்டுரைகளும் குவிந்தன, துப்புரவு செய்து பழையவர்களுக்குக் கை ஓய்ந்தது. அந்தப் புதியவர்களிலிருந்தே சிலர் நிலைத்து வழமையான பங்களிப்பாளர்களும் ஆனார்கள்.

வெள்ளம் போல ஆள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இணையத்தில் ஒரு பழைய பெயரே உண்டு, ‘முடியாத செப்டம்பர்’. யூஸ்நெட் என்ற பழைய கணினி உரையாடல் வலையமைப்பின் காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் சேர்வார்கள், கூச்சல் போடுவார்கள், பழையவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள், ஒரு மாதத்தில் அடங்கும். 1993–94இல் அமெரிக்கா ஆன்லைன் போன்ற நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட, செப்டம்பர் அதற்குப் பிறகு முடியவே இல்லை. பழையவர்கள் இன்றைக்கும் இதை ஒப்பாரியாகச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள், அவர்களும் ஏதோ ஒரு செப்டம்பரில் வந்தவர்கள்தான்.

நிரல் எழுதுகிறவர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ 2018 ஏப்ரலில், தன் தளம் புதியவர்களை நன்றாக நடத்தவில்லை என்று தானே ஒப்புக்கொண்டது. பெண்களும் வெள்ளையரல்லாதவர்களும் அங்கே வெளியாள்போல உணர்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதியது. பிறகு செய்தவற்றில் ஒன்று, முதல் முறை கேட்கிறவரின் கேள்விக்குப் பக்கத்தில் ‘புதிய பங்களிப்பாளர்’ என்ற அடையாளம். கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்பதற்காக வைத்தது, நல்ல நோக்கம். ஆனாலும் தகரச் சீட்டின் கதை தெரிந்தவருக்கு அந்த அடையாளம் உறுத்தத்தான் செய்யும். அதைப் பார்த்து மென்மையாகப் பேசுகிறவரும் உண்டு, ‘ஓ, புதுசா’ என்று இளப்பமாகக் கடந்துபோகிறவரும் உண்டு. விக்கிமீடியா 2019 முதல் சில மொழிகளில் சோதித்துப் பின் பரப்பிய முறை இதைவிடத் தேவலை. புதியவருக்கு ஒரு முகப்புப் பக்கம், அதில் செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகள், கேள்வி கேட்க ஒரு வழிகாட்டியின் பெயர். வேலை சின்னதாகவும் கூட நிற்கிறவர் பெயர் தெரிந்தவராகவும் இருந்தால் பாதிப் பயம் போய்விடுகிறது.

மலையகத்தில் பெரும்பாலானோருக்கு இணையம் என்றால் விக்கிப்பீடியா இல்லை, வாட்ஸ்அப். தோட்டத்துக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று, பழைய மாணவருக்கு ஒன்று, கொழும்பில் கடைகளில் நிற்கிற பொடியன்களுக்கு ஒன்று. மரண அறிவித்தலும் சம்பளப் பேச்சும் மண்சரிவு எச்சரிக்கையும் இவற்றில்தான் முதலில் வருகின்றன. இந்தக் குழுக்களில் ஒருவரைச் சேர்ப்பது மிக எளிது, சேர்ந்தவர் வாய் திறப்பதுதான் மாதக் கணக்காகும். வாய் திறந்த முதல் நாளே “இதெல்லாம் மேல போட்டாச்சு, பாத்துட்டுப் பேசுங்க” என்று ஓர் அட்மின் சொல்லிவிட்டால் அவர் பிறகு ‘ஓம்’, ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்பதோடு சரி.

மலையில் அந்நியரைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி எல்லோருக்கும் தெரியும்: “எந்தத் தோட்டம்?” அடுத்தது, “எந்த டிவிசன்?” மூன்றாவது, “யாரு வீட்டுப் புள்ள?” மூன்று கேள்விக்குள் மாமனோ மச்சானோ, குறைந்தது அப்பாவோடு ஒன்றாகக் கவ்வாத்து வெட்டிய ஒருவரோ கிடைத்துவிடுவார். இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. சாதியைத் தடவிப் பார்க்கிற விரலும் சில வேளை அதற்குள் இருக்கும், மூன்றாவது கேள்வியில் குரல் மாறுவதைக் கேட்டவர்களுக்குப் புரியும். ஆகவே அதை அப்படியே தூக்கிக் கொண்டாட முடியாது. ஆனால் முதல் கேள்வி, அதுவும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முதல் கேள்வி, எந்த வரவேற்புப் பலகையும் செய்யாத ஒரு வேலையைச் செய்கிறது. கேட்கப்பட்டவர் பேசத் தொடங்குகிறார்.

இரவு ஒன்பது மணிக்கு அப்படியொரு குழுவில் பெயரில்லாத ஓர் எண் இணைகிறது. முகப்புப் படத்தில் ரோஜாப்பூ. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் குரல் பதிவு அனுப்புகிறார், பின்னணியில் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம்.

“வணக்கம், புதுசா வந்திருக்கிறவங்க எந்தத் தோட்டம்?”

‘தட்டச்சு செய்கிறார்’ என்று வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது.

“மேல் டிவிசன் அண்ணே. இப்ப கொழும்புல. அம்மா அங்கதான் இருக்காங்க.”

“மேல் டிவிசனா? கோயிலுக்குக் கீழ் லயமா, மேல் லயமா? நேத்து அந்தப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் இல்ல. அம்மாவுக்கு ஃபோன் எடுத்தீங்களா?”

“எடுத்தேன், வேலை செய்யல.”

“இருங்க, நம்ம பய ஒருத்தன் அந்த லயத்துலதான் இருக்கான். போய்ப் பாக்கச் சொல்றேன்.”